அம்மா வேண்டாம் என்ற கேஸ் அடுப்பு

கேஸ் ஏஜென்சியிலிருந்து தபால் கார்டு வந்தபோது, அப்பா பெயர் பதிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பதிந்ததையே அவர் மறந்துவிட்டிருந்தார். பதினைந்து நாளுக்குள் வந்து இணைப்பைப் பெற்றுக்கொள்ளாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று கார்டில் அச்சடித்திருந்தது. அப்பா இரண்டு தடவை வாசித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“நமக்கு எதுக்கு இது?” என்றாள்.

எழுபதுகளின் நடுவில் சிட்லபாக்கத்தில் இப்படிக் கேட்கக்கூடிய பெண் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். எங்கள் தெருவில் அதுவரை இரண்டே வீடுகளில்தான் கேஸ் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் மண்ணெண்ணெய்தான். ரேஷன் கடைக்கு லாரி வரும் நாள் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். லாரி சனிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டு டின்னோடு வரிசையில் நிற்பவள் நான். அதனால் அம்மாவின் கேள்வி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, எரிச்சலாக இருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் ரசாயனத் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்து, குரோம்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தேன். எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். அம்மாவின் மறுப்பையும் அப்படித்தான் எதிர்கொண்டேன். ஆலையிலிருந்து ஒரு கிராஃப் தாள் கொண்டுவந்து நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் மண்ணெண்ணெய், வலது பக்கம் கேஸ் என்று எழுதினேன். ஒரு செம்பு தண்ணீர் எங்கள் பம்பு ஸ்டவ்வில் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கேஸ் இருந்த வீடு ஒன்றுக்கு அதே செம்பை எடுத்துப் போய் அங்கேயும் பார்த்தேன். குளிக்கும் வெந்நீர், கரி பிடித்த பாத்திரம், ஸ்டவ்வின் துளையில் அடைப்பு எடுக்கப் பின் குத்தும் நேரம், சத்தம், கண் எரிச்சல், கிடைக்கும் உறுதி, புடவையில் தீப்பிடிக்கும் ஆபத்து. பதினான்கு வரிகள் வந்தன. பதின்மூன்றில் கேஸ் வென்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தாள். அப்பாவின் தங்கை, அஸ்தினாபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவாள். ஒரு ஆள் கூடுதலாகக் கேட்க இருப்பது எனக்கு உற்சாகமாக இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து தாளை உரக்க வாசித்தேன். அம்மா சமையலறை வாசலில் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஜட்ஜம்மா தீர்ப்பு வாசிக்கறாங்க” என்றார் அப்பா.

அம்மா நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள். “லீக் ஆனா?”

அதற்குத்தான் காத்திருந்தேன். எரிவாயுவுக்குத் தனியாக வாசனை கிடையாது, ஆனால் கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே கெட்ட நாற்றம் அடிக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றைத் துளி கலந்து அனுப்புகிறார்கள் என்று விளக்கினேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், ஆகவே தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவர்களுக்குத்தான் முதலில் வாசனை வரும் என்றும் சொன்னேன். பாடப் புத்தகத்தில் இல்லாத கடைசி வரியை நானே யோசித்துச் சேர்த்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை.

“அண்ணிக்கு அதெல்லாம் சொல்லணுமா?” என்றாள் அத்தை. “மூக்காலயே சமைக்கறவங்க. கசியறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிடுவாங்க.”

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் குனிந்து கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை சொன்னது எங்கள் உறவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கார்த்திகை மாதத்தில் அப்பாவின் பெற்றோருக்கு எங்கள் வீட்டில் படையல் போடுவோம். உறவுக்காரர்கள் முப்பது நாற்பது பேர் வருவார்கள். படையல் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. இலையில் வைத்து, காகம் எடுத்த பிறகுதான் மனித வாய் படலாம். உப்பு சரியா என்று நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க முடியாது. அம்மா கொதிக்கும் சாம்பார்மேல் குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். “இன்னும் அரைக் கை” என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் இறக்கிவிடுவாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து உப்பு தப்பியதில்லை. அம்மா அதிகம் படித்தவள் இல்லை, நகை போட்டுக்கொள்கிறவள் இல்லை, சபையில் பேசவும் மாட்டாள். அந்த ஒரு நாள் மட்டும் உறவுக்காரப் பெண்கள் சமையலறை வாசலில் நின்று அவளை வேடிக்கை பார்ப்பார்கள்.

கேஸ் வந்தது. அப்பா கொத்தனாரை வைத்துக் கடப்பைக் கல் மேடை கட்டினார். சிலிண்டரைப் பொருத்த வந்தவர் நடுத்தர வயதுக்காரர், கலகலப்பானவர். ரெகுலேட்டரைத் திறந்து மூடுவதை மூன்று தடவை செய்து காட்டினார்.

அம்மா அவரிடம் கேட்டாள், “லீக் ஆனா சத்தம் எதுனா கேக்குமா?”

“சத்தம் இன்னாத்துக்குமா? வாசன வரும்ல.”

“வாசன வராமயே லீக் ஆவுமா?”

“இன்னாமா நீ, பேஜார் பண்றியே. மூஞ்சில மூக்கு கீது இல்ல? அது போதும்.”

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலமே ஒரு அட்டையில் ஏழு விதிகள் எழுதி மேடைக்கு மேலே ஒட்டினேன். மூன்றாவது விதி, வாசனை வந்தால் விளக்கு, சுவிட்ச், தீப்பெட்டி எதையும் தொடாமல் ஜன்னலைத் திற என்பது.

அதன் பிறகு அம்மா நடந்துகொண்ட விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு தடவை சமைத்து முடித்ததும் இரண்டு திருகுகளையும் தொட்டுப் பார்ப்பாள், ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்ப வந்து இன்னொரு முறை பார்ப்பாள். ஜன்னலை மூடவே மாட்டாள். ஒரு மாதம் போனதும் இன்னொன்றைக் கவனித்தேன். பழைய மண்ணெண்ணெய் டின்னில் அளவு குறைந்துகொண்டே வந்தது. நான் ஸ்கேலை விட்டு அளந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். வீட்டில் யாரும் இல்லாத பகலில் அம்மா பம்பு ஸ்டவ்வில்தான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னை ஏமாத்தறியா?” என்று கேட்டேன்.

“அதுல சத்தம் வருதும்மா. அணைஞ்சா சத்தம் நின்னுடும், தெரிஞ்சிடும்.”

“இது சத்தம் வராம எரியறதுதான் நல்லது. எழுதியிருக்கேன் பாரு.”

அந்த வாரமே ஸ்டவ்வை அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா தடுக்கவில்லை. ஸ்டவ்வைத் துடைத்து, பின்னை ஒரு காகிதத்தில் மடித்து என் பையில் வைத்துக் கொடுத்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள், சாயங்காலம் ஐந்தரை இருக்கும், மழையில் நனைந்துகொண்டு வீடு வந்தேன். வாசல் கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகிய முட்டைக்கோஸ் போல, நான் விளக்கிய அதே நாற்றம். சமையலறை ஜன்னல் சாரலுக்காகச் சாத்தியிருந்தது. மாடிக் கொடியிலிருந்து எடுத்த துணிகள் தரையில் ஈரமாகக் குவிந்து கிடந்தன. மேடையில் பால் பொங்கி வழிந்த தடம் துடைக்கப்பட்டிருந்தது. அம்மா மூலையில் சாமி மாடத்துக்கு முன்னால் நின்றாள். திரியைச் சரிசெய்துவிட்டுத் தீப்பெட்டியைத் திறந்து குச்சியைக் கையில் எடுத்திருந்தாள்.

நான் அவள் கையில் அடித்தேன். தீக்குச்சிகள் சிதறின. என் வாழ்நாளில் அம்மாவை அடித்தது அந்த ஒரு தடவைதான். திருகை மூடி, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, அவளைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மழையில் துணி துவைக்கும் கல்லருகே நின்றுகொண்டு கத்தினேன்.

“மூக்கு இல்லையா உனக்கு?”

“இல்ல” என்றாள் அம்மா.

நான் புரியாமல் பார்த்தேன்.

“மூணு வருஷமா இல்ல. நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிடுச்சு. வந்துடும் வந்துடும்னு இருந்தேன்.”

நடந்ததை அவள் பிறகு நிதானமாகச் சொன்னாள். பாலை வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்கு ஓடியிருக்கிறாள். வந்து பார்த்தால் பால் பொங்கியிருந்தது, தீ இல்லை. பம்பு ஸ்டவ்வில் இருபத்தைந்து வருஷம் சமைத்தவளுக்குத் தீ இல்லை என்றால் அடுப்பு அணைந்துவிட்டது என்றுதான் பொருள். பொங்கிய பாலே அடுப்பை அணைத்துவிட்டது என்று நினைத்து, விளக்கேற்றும் அவசரத்தில் திருகைத் தொட்டுப் பார்க்காமல் பாத்திரத்தை இறக்கிவிட்டு மேடையைத் துடைத்திருக்கிறாள்.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவ? ஒரு லிஸ்ட் போடுவ.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை.

எனக்கு அங்கே நின்றபடியே சில விஷயங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் உடையில் பச்சைத் தோல் நாற்றம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைப் பொத்துவாள், அப்பா தள்ளி உட்காருவார். அம்மா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. பெற்ற பாசம் என்று நினைத்திருந்தேன். நான் ஹாஸ்டலிலிருந்து திரும்பிய வருஷம் அம்மா உப்பைக் கையால் அள்ளிப் போடுவதை விட்டுவிட்டு ஸ்பூனால் அளந்து போட ஆரம்பித்திருந்தாள். இத்தனை லிட்டருக்கு இத்தனை ஸ்பூன் என்று மனப்பாடமாக வைத்திருந்தாள். என் படிப்பு அவளைத் தொற்றிக்கொண்டது என்று சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

“படையலுக்கு அளந்துதான் போட்டியா?”

“பின்ன? குனிஞ்சு மோந்து பாக்கற மாதிரி நிப்பேன். எல்லாரும் பாத்துகினு இருப்பாங்களே.” முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், “இந்தக் கார்த்திகை முடியட்டும். அப்புறம் உங்கப்பாகிட்ட நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. உங்க அத்தைகிட்ட முக்கியமா.”

சரி என்றேன். சத்தியமாக என்று கேட்டாள். சத்தியமாக என்றேன்.

அப்பா வீடு திரும்பியபோது நாற்றம் முழுதும் போயிருக்கவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, கொஞ்சம் கேஸ் வெளியேறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் அதைத் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“என்னடி டிப்ளமா, வீட்டையே கொளுத்தப் பாத்தியாமே?”

“அப்படியெல்லாம் இல்ல அத்தை.”

“அண்ணி வேணாம் வேணாம்னு தலையால அடிச்சிக்கிச்சு. இவ பெரிய ஆராய்ச்சி பண்ணி, தாள்ல எழுதி, எங்களையெல்லாம் உக்கார வச்சு வாசிச்சா. கேஸுன்னா வாசன வந்துடும்னியே, எங்கடி வந்துச்சு?”

அப்பாவும் சேர்ந்துகொண்டார். “இது லிஸ்ட்ல எத்தனாவது பாயிண்ட்டும்மா?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பதினான்கு வரிகளும் சரி என்று எனக்குத் தெரியும். ரெகுலேட்டரைச் சோப்புத் தண்ணீர் விட்டுச் சோதித்திருந்தேன். குழாயைச் சோதித்திருந்தேன். தவறு என்னுடையது இல்லை என்று நிரூபிக்க எல்லாம் என் கையில் இருந்தது. நான் கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. வேலையில் மேலதிகாரிக்கு அறிக்கை சொல்வது போலச் சொன்னேன்.

“ஒண்ணு, ரெகுலேட்டர்ல கோளாறு இல்ல. ரெண்டு, டியூப்ல கோளாறு இல்ல. மூணு, அம்மாவுக்கு மூக்கு வேலை செய்யல. மூணு வருஷமா எந்த வாசனையும் தெரியாது. அதனாலதான் தெரியல. கேஸ் மேல தப்பில்ல.”

நிமிர்ந்தபோது அம்மா இரண்டு டம்ளர் காபியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வந்து அத்தைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அத்தை காபியைக் கையில் எடுத்து, குடிக்காமல் யோசித்தாள். “அப்போ மூணு வருஷமா படையலு?” என்றாள் மெதுவாக. பிறகு, “போன வருஷம் வடைகறில உப்பு கம்மியா இருந்துச்சு. நான் அப்பவே நெனச்சேன், வாயத் தொறந்து சொல்லல.”

அது உண்மை இல்லை. போன வருஷம் அந்த வடைகறியை ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனவள் அத்தைதான். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. என் பெயரைக் காப்பாற்ற மூன்று காரணம் எண்ணிச் சொன்னவளுக்கு, அம்மாவுக்காகச் சொல்ல ஒன்று வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். அப்பா ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார். நரம்பு சம்பந்தம், இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார் அவர். தினமும் இலையில் கை வைப்பதற்கு முன்னால் அப்பா அம்மாவுக்காகக் குழம்பை ருசி பார்த்து, “சரியாத்தான் இருக்கு” என்று சொல்ல ஆரம்பித்தார். தைரியம் கொடுப்பதாக நினைத்தார். அதுவரை சாப்பாட்டைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பாலைக் கொண்டுவந்து, “கெட்டுப்போச்சான்னு நானே பாத்து வச்சிட்டேங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார்த்திகை வந்தது. “அண்ணி பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். நான் பாத்துக்கறேன்” என்று அத்தை முந்தின நாளே வந்துவிட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, “அவங்கம்மா அப்பாவுக்குத்தானே, பொண்ணு செஞ்சா என்ன” என்றாள். காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்தாள். உறவுக்காரப் பெண்கள் வழக்கம் போல வாசலில் கூடினார்கள். அம்மா இருந்த பக்கம் யாரும் பார்க்கவில்லை.

சாம்பார் கொதித்தபோது அத்தைக்குக் கை தயங்கியது. அவளுக்கு மூச்சிழுத்து உப்புப் பார்க்கும் பழக்கம் இல்லை. என்னைக் கூப்பிட்டாள்.

“நீ வந்து மோந்து பாருடி. அண்ணி பொண்ணுதானே.”

எல்லோரும் பார்க்க, நான் அம்மாவின் தலைக்கு மேலாக எட்டி, பாத்திரத்தின்மேல் குனிந்தேன். ஆவியும் பெருங்காயமும் வந்தன. உப்புக்கு வாசனை கிடையாது என்று எனக்குப் பாடத்தில் தெரியும். அம்மா இத்தனை வருஷம் எதை மோந்து எதைக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

“சரியா இருக்கு அத்தை” என்றேன்.

உப்பு அதிகமாகிவிட்டது. வந்தவர்கள் மோரை நிறைய ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிப் போனார்கள். அம்மா தன் இலையில் விழுந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

அடுத்த கார்த்திகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆலையிலிருந்து வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். ஒரு வருஷமாக அதைப் பேச நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று இந்தத் தடவை எழுதிப் பார்த்துக்கொள்ளவில்லை.

“அம்மா, இந்த வருஷம் நீயே செய். பழைய மாதிரி அளந்து போடு. நான் பக்கத்துல நிக்கறேன். அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“வேணாம்மா.”

“உன் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்லையே.”

“தப்பாது. அதுக்கு இல்ல.” ஒரு தண்டை ஒடித்து ஒதுக்கினாள். “எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே உப்பு சரியா இருந்தாலும் கம்மின்னுதான் அவங்க நாக்குக்குத் தெரியும்.”

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதைக் கேட்டால் அவள் உடனே மன்னித்துவிடுவாள். அப்புறம் அதுவும் எனக்காக நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஒன்றாகிவிடும் என்று தோன்றியது. கீரையில் பாதியை என் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தேன்.

“உங்க அத்தைக்குச் சொல்லிட்டு வந்துடு” என்றாள் அம்மா, “முந்தின நாளே வரச் சொல்லு. தனியா அவ்ளோ பேருக்கு அவளால முடியாது.”

கீரையை முடித்துக் கை கழுவிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரத்துக்குக் கிளம்பினேன்.